ஒறுத்தல் கல்

"தாராளமா தோண்டி எடுத்துக்கங்கம்மா" என்று பங்குச்சாமியார் சொன்னதும் என் மனைவி அழுதுவிட்டாள். அவர் முடியாது என்பார், பழைய உபதேசியார் மாதிரி ஏதாவது சட்டம் பேசுவார் என்று நம்பித்தான் அவளோடு சாமியார் பங்களாவுக்குப் போயிருந்தேன். இவர் இளவயது, வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஓர் அறிவிப்பு படித்திருந்தார்கள். கோயிலுக்குப் பின்பக்கம் வேப்பமரத்தைச் சுற்றியிருக்கும் காலி இடத்தை மட்டம் அடித்து, சிமெண்ட் கல் பதித்து, வண்டி நிறுத்தும் இடமாக்கப் போகிறார்கள். புதன்கிழமை காலை ஜேசிபி வருகிறது. அந்த வேப்பமரத்தடியில்தான் எங்கள் முதல் குழந்தையைப் புதைத்திருக்கிறது என்று என் மனைவி முப்பது வருஷத்துக்கு மேலாக நம்பிக்கொண்டிருந்தாள். எலும்பாவது எடுத்துக் கல்லறை மதிலுக்குள்ளே வைக்கவேண்டும் என்று கேட்கத்தான் போனோம்.

வேப்பமரத்தடியில் எங்கள் குழந்தை இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அந்த இடத்தைக் காட்டியவன் நான்.

"ஞானஸ்நானம் வாங்காத குழந்தைன்னு இப்பல்லாம் யாரையும் வெளியில வைக்கிறது இல்லம்மா. கடவுள் அந்தப் பிள்ளையத் தள்ளியிருக்க மாட்டாரு. நானே வந்து மந்திரிச்சு அடக்கம் பண்றேன்" என்றார் சாமியார்.

படியில் இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் என் கையைப் பிடிக்கிற பெண்ணல்ல அவள்.

"பொட்டி ஒண்ணு பாக்கணும்யா. சின்னதா, மரத்துல. என் தம்பிக்கு போன் போடு, மம்முட்டி எடுத்தாரச் சொல்லு."

"ம்" என்றேன்.

எங்கள் ஊருக்குப் படாளத்தில் இறங்கி உள்ளே போகவேண்டும். இப்போது ஊர்ப் பெயரைச் சொன்னால், "மாதா கோயில் ஊரா?" என்று முகம் மலர்ந்து கேட்கிறார்கள். முதல் சனிக்கிழமைகளில் ஜிஎஸ்டி ரோட்டிலிருந்தே பஸ்ஸும் காரும் வரிசைகட்டி நிற்கும். அந்தக் காலத்தில் இங்கே பாறைக்குன்றின் அடியில் இருந்தது ஒரு கீற்றுக் கொட்டகை. மாதம் ஒருமுறை சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். நாங்கள் காலனிக்காரர்கள். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஊர்க்காரர் கழனியில் நடவும் அறுப்பும்தான். அது பிடிக்காமல் நான் லாரியில் லோடுமேனாகச் சேர்ந்தேன். குவாரியில் பாறாங்கல் ஏற்றி மாமல்லபுரத்துப் பக்கக் குப்பங்களில் கடலோரமாகக் கொட்டுவோம். கடல் வீடுகளைத் தின்றுகொண்டிருந்தது, அதைத் தடுக்கக் கல் போட்டார்கள். கல்லைப் பார்த்ததுமே அதன் எடையும் எந்தப் பக்கம் பிடித்தால் கை வழுக்காது என்பதும் தெரிந்துவிடும் எனக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்த மார்கழியில் விடாத மழை. மனைவியைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், ஆண் குழந்தை. குப்பத்து டீக்கடைக்குப் போன் வந்தது. "புள்ள பொறந்துச்சாம், உடனே வரச்சொன்னாங்க" என்று கடைக்காரர் சொன்னார். "உடனே" என்ற வார்த்தையை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். பிள்ளை பிறந்தால் எல்லோரும் உடனே வா என்றுதானே சொல்வார்கள் என்று நினைத்தேன். இன்னும் ஒரு நடை அடித்துவிட்டுப் போகலாம் என்றார் டிரைவர். நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

குழந்தைக்கு மூச்சு சரியில்லை. எங்கள் வழக்கத்தில், சாகக் கிடக்கிற குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி, ஞானஸ்நானம் கொடுக்கலாம். அங்கிருந்த நர்ஸம்மாகூட ஊற்றிவிடுங்கள் என்று சொன்னாராம். என் மாமியார்தான் தடுத்திருக்கிறார். "நைனாக்காரன் வரட்டும், பேரு அவன் வெக்கட்டும், அப்பால ஊத்திக்கலாம்." தலைப்பிள்ளைக்கு அப்பன்தான் பெயர் வைக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். ஓர் இரவும் மறுநாள் மத்தியானம் வரைக்கும் அந்தக் குழந்தை எனக்காகக் காத்திருந்தது. ஒரு நடை மழையில் இழுத்துக்கொண்டே போக, நான் அந்த நேரத்தில் கடலோரத்தில் கல் தள்ளிக்கொண்டிருந்தேன்.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கட்டிலில் அவள் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"ஒரு தபா கூட தூக்கலியே நீ."

பிறகு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். கடைசியில் எல்லாச் சண்டையும் இந்த ஒரு வார்த்தையில் வந்துதான் நிற்கும்.

குழந்தையை ஊருக்கு எடுத்துப் போனவன் என் மச்சான், அவள் தம்பி. தூங்குகிற குழந்தையை வைத்திருப்பது போலத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறான். ஊரில், சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் கல்லறைக் கேட்டைத் திறக்கவில்லை. ஞானஸ்நானம் இல்லாததற்கு உள்ளே இடமில்லை, பதிவேட்டில் எந்தப் பெயரை எழுதுவது என்று கேட்டிருக்கிறார். மச்சான் தனியாளாகக் கொட்டுகிற மழையில் மதிலுக்கு வெளியே வேலிகாத்தான் காட்டுக்குள் நுழைந்து, பாறை இல்லாத மண்ணாகத் தேடிப் பிடித்துத் தோண்டிப் புதைத்தான். நாய் கிளறாமலிருக்க மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டான். எந்த இடம் என்று அவனிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டால் போகவேண்டியிருக்கும், போனால் நின்று பார்க்கவேண்டியிருக்கும். கோழைத்தனத்துக்கு வேறு பெயர் எதுவும் எனக்குத் தெரியாது.

மனைவியை வேடந்தாங்கல் பக்கம் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினோம், உடம்பு தேறட்டும் என்று. மச்சானும் அங்கேதான் இருந்தான். அவர்கள் வருவதற்குள், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிவிட்டது. கோயில் வேலையும் தொடங்கிவிட்டது.

அப்போதிருந்த சாமியார் நெட்டையான மனிதர், முன்கோபி. சாம்பல் புதன் அன்று கொட்டகையில் நின்று எங்களைப் பார்த்துச் சொன்னார். "தவக்காலத்துல கறி சாப்பிடாம இருக்கறது உங்களுக்கு ஒறுத்தலா? நீங்க என்னைக்குக் கறி சாப்பிட்டீங்க? கல் தூக்குங்க. ஆளுக்கொரு கல். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தூக்குங்க. பாறை மேல கோயில் கட்டுவோம்." கொட்டகையே சிரித்தது, பிறகு அமைதியானது. பாறைச் சரிவில் பதினான்கு கழி நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிலுவை கட்டினார்கள். அதுதான் எங்கள் சிலுவைப்பாதை. தலையில் கல்லோடு ஒவ்வொரு கழியிடமும் முட்டி போட்டுச் செபம் சொல்லி, எழுந்து, அடுத்த கழிக்குப் போகவேண்டும். மேலே போனதும் அஸ்திவாரப் பள்ளத்தில் கல்லைப் போடவேண்டும். அதற்கு ஒறுத்தல் கல் என்று பெயர் வந்தது. இந்தப் பிரபலமான கோயில் அப்படித்தான் எழும்பியது. நன்கொடைப் பலகையில் யார் யார் பெயரோ இருக்கிறது, அடியில் இருப்பது காலனிக்காரர் தலையில் ஏறி வந்த கல்.

பெண்கள் கையளவுக் கல், ஆண்கள் தலையளவுக் கல் என்று தூக்கினார்கள். எனக்கு அது போதவில்லை. ஒரு நடைக்காகப் பிள்ளையை விட்டவன் நான். தூக்கமுடியாத கல்லாக ஒன்று தூக்கவேண்டும், முட்டி பெயரவேண்டும், எல்லோரும் பார்க்கவேண்டும், அதுவும் இருந்தது. இரண்டாவது வெள்ளிக்கிழமை மத்தியானம் கல்லறை மதிலுக்குப் பின்னால் வேலிகாத்தானுக்குள் புகுந்தேன். முள் கிழிக்கக் கிழிக்க எங்கெங்கோ சுற்றிவிட்டு அதைப் பார்த்தேன். தட்டையான கருங்கல். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. மற்ற கல்லெல்லாம் மண்ணில் பாதி புதைந்து கோணலும் மாணலுமாகக் கிடக்க, இது மட்டும் மண்ணின் மேல் படுக்கையாக, சமமாக இருந்தது.

ஆயிரக்கணக்கில் கல் ஏற்றி இறக்கினவன் நான். தானாக விழுந்த கல் இப்படிப் படுக்காது, யாரோ வைத்தால்தான் இப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாமலா? எடை எவ்வளவு, எங்கே பிடிப்பது என்பதை மட்டும் பார்த்தேன். நல்ல எடை என்று சந்தோஷப்பட்டேன்.

சும்மாடுகூட வைக்காமல் தூக்கினேன். பதினான்கு இடத்திலும் முட்டி போட்டேன். ஒன்பதாவது கழியில் கண் இருட்டியது, பக்கத்திலிருந்தவர் பிடிக்க வந்தார், வேண்டாம் என்று தள்ளினேன். மேலே கொத்தனார் பார்த்துவிட்டு, "பலே, இது மூலைக்கு ஆவும்" என்று கீழ்மூலையில் இறக்கிவைத்து, நூல் பிடித்து, மேலே கலவையைப் போட்டுப் பூசினார். வெள்ளைக் கோடு கலவைக்குள் மறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று மாதத்தில் முதல் முறையாக அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் லாரிக்குப் பாதை போடுவதற்காக வேலிகாத்தான் காட்டை மொத்தமாக வழித்து எடுத்துவிட்டார்கள்.

ஈஸ்டருக்கு மனைவியும் மச்சானும் வந்தார்கள். பூசை முடிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, புள்ள எங்க. மச்சான் அவளை மதிலுக்குப் பின்னால் கூட்டிப்போனான், நானும் போனேன். அங்கே வெட்டவெளி. டயர் தடமும் செம்மண்ணும் ஜல்லியும்தான் கிடந்தன. மச்சான் இப்படி நாலு அடி, அப்படி நாலு அடி நடந்தான். எதை வைத்து அடையாளம் சொல்வான் பாவம்.

"இங்கதாங்க்கா எங்கியோ... பொதரா இருந்துச்சு. கல்லு வெச்சேன்க்கா. கருங்கல்லு, தட்டையா. வெள்ளக்கோடு ஒண்ணு குறுக்கால ஓடும்."

நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எங்கே எடுத்தேன் என்று நானும் பைத்தியக்காரன் மாதிரி அந்தச் செம்மண்ணைப் பார்த்தேன். முள்ளுக்குள் குனிந்து குனிந்து போனவனுக்கு எந்த இடம் என்று எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே மட்டமாகக் கிடந்தது. பிள்ளையின் மேலிருந்த ஒரே அடையாளத்தை என் தலையிலேயே தூக்கிக்கொண்டு போய் அஸ்திவாரத்தில் போட்டிருக்கிறேன்.

அவள் தரையில் உட்கார்ந்து மண்ணை இரண்டு கையாலும் அள்ள ஆரம்பித்தாள். ஆபரேஷன் ஆகி நாலு மாதம்கூட ஆகாத உடம்பு. பெண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். அவள் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"எனக்குத் தெரியும்" என்று கத்தினேன். "எனக்கு எடம் தெரியும். நான் வந்து பாத்தேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கட்டட வேலை எந்தக் காலத்திலும் வராத இடமாகத் தேடியது என் கண். தூரத்தில் ஓர் ஓரமாக வேப்பமரம் தெரிந்தது. கையை நீட்டிவிட்டேன்.

"மரமா? மரம் ஒண்ணும் எனக்கு நாபகம் இல்லியே மாமா" என்றான் மச்சான்.

"கொட்டுற மழையில நீ இன்னாத்தடா பாத்த?" என்று அவன் மேல் பாய்ந்தேன். அப்போது அவனுக்கு இருபது வயது, என்னிடம் பயம். இருக்கும் மாமா என்றுவிட்டான். அவள் எழுந்து வேப்பமரத்துக்கு நடந்தாள். அதன் அடியில் படுத்துத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவள் முகம் தெளிந்திருந்தது. பிறகு எப்படிச் சொல்வது?

கோயில் வளர்ந்தது. சுவர் எழும்பி, கூரை போட்டு, மணிக்கூண்டு வைத்தார்கள். வேண்டியது நடந்தது என்று யாரோ சொல்லி, அவர் சொல்லி இன்னொருவர் வந்து, சென்னையிலிருந்தும் ஓஎம்ஆர் பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்தும் கூட்டம் வரத் தொடங்கியது. ஒறுத்தல் கல் தூக்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. இப்போது அடிவாரத்துக் கடையில் கழுவித் துடைத்த கூழாங்கல்லை பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தருகிறார்கள். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு படியேறி வந்து, மேலே தொட்டியில் போட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்கும்போது சிரிப்பு வரும். பிறகு என் கல் ஞாபகம் வந்துவிடும், சிரிப்பு போய்விடும்.

எங்களுக்குப் பிறகு ஒரு பெண் பிறந்தாள், கட்டிக்கொடுத்தாகிவிட்டது. நான் டிரைவிங் கற்று, படூரில் ஒரு கல்லூரிக்குப் பல வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றேன். என் மனைவி ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் பின் வேப்பமரத்தடியைக் கூட்டிப் பெருக்குவாள். கல்லறைத் திருநாளுக்கு ஊரே மதிலுக்குள் மெழுகுவத்தி ஏற்றும்போது அவள் மட்டும் மரத்தடியில் ஏற்றுவாள், காற்று அணைக்க அணைக்க. நான் பூசைக்கு உள்ளே போகமாட்டேன். கோயிலுக்கு வெளியே கீழ்மூலைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒலிபெருக்கியில் பூசை கேட்பேன். "உள்ள ஃபேன் ஓடுது, இந்தாளு சுவத்துல ஒட்டிக்கினு கீறாரு பல்லி மாதிரி" என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குப் பழகிவிட்டது.

சனிக்கிழமைகளில் வண்டி ஒழுங்கு பார்க்கும் தொண்டர்களில் நானும் ஒருவன். பச்சைச் சட்டை, கையில் விசில். வேப்பமரப் பக்கம் ஒரு வண்டியைக்கூட நான் விட்டதில்லை. ரோட்டிலேயே நெரிசல் ஆனாலும் சரி, அந்தப் பக்கம் திருப்ப மாட்டேன். அதனால்தான் இடம் போதவில்லை என்று முடிவாகி, மட்டம் அடிக்கப் போகிறார்கள். என் விசிலே எனக்கு ஜேசிபியைக் கூட்டிவந்தது.

திங்கட்கிழமை அவள் மதுராந்தகம் போய் ஒரு சின்ன மரப்பெட்டி வாங்கிவந்தாள். உள்ளே விரிக்க வெள்ளைத் துணியை அவளே ஓரம் மடித்துத் தைத்தாள். மச்சான் செங்கல்பட்டில் ஆட்டோ ஓட்டுகிறான், இரண்டு நாள் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்றான். எல்லாம் தயாராகிக்கொண்டே வந்தது. சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் செய்யலாமென்று கோயிலுக்குப் போனேன். சாமியார் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், எப்போதாவது குடித்தேன் என்றேன். இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை சாமி என்று எழுந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் செய்யப் போனதை எழுதக் கை கூசுகிறது. படாளம் கூட்டுரோட்டில் கறிக்கடைக்குப் போய் நின்றேன். ஒரு கிலோ கறி போடட்டுமா என்றார் பாய். "எலும்பு. சின்னதா, காஞ்சதா இருந்தா" என்றேன். "நாய்க்கா?" என்று கேட்டு ஒரு பொட்டலம் கட்ட ஆரம்பித்தார். கட்டுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை வேப்பமரத்தடியில் ஒளித்துப் புதைக்க வந்தவன் நான். அதை என் மனைவி எடுத்து, தான் தைத்த துணியில் வைத்து முத்தமிடுவாள். பொட்டலத்தை வாங்காமலே திரும்பி நடந்தேன். "அண்ணாத்த, சும்மாதான், எட்த்துகினு போ" என்று அவர் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே ஜேசிபி வந்து ஓரமாக நின்றது. டிரைவர் பீடி பற்றவைத்துக்கொண்டு, நீங்க முடிச்சிட்டு சொல்லுங்க என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். சாமியார் எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவள் கூட்டிப் பெருக்கிவந்த இடத்தில் மச்சான் கொத்தினான். நான் மண்ணைக் கூடையில் அள்ளிப் போட்டேன். அவள் முறத்தையும் சல்லடையையும் வைத்துக்கொண்டு குழியோரம் காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு கூடையாகச் சலித்தாள். ஒன்றுமில்லை. முழங்கால் ஆழம் போனது. ஒன்றுமில்லை.

"பச்ச மண்ணுக்கா அது. இத்தினி வருசத்துல கரைஞ்சு போயிருக்கும்" என்றான் மச்சான்.

"நீ தோண்டு" என்றாள்.

இடுப்பளவு போனது. கரைந்திருக்கும் என்ற அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். ஒரு பிடி மண்ணை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடிவிடலாம், சாமியார் மந்திரிப்பார், எல்லாம் முடியும் என்று மனசு வேகமாகக் கணக்குப் போட்டது. அப்போது அவள் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"கெட்சிச்சு" என்றாள், மெதுவாக.

அவள் உள்ளங்கையில் வெள்ளையாக ஒன்று இருந்தது, சுண்டுவிரல் நுனியளவு. சுக்கான் கல். எங்கள் பக்கத்து மண்ணில் எங்கே தோண்டினாலும் கிடைக்கும். மச்சானுக்கும் அது தெரிந்துவிட்டது, தலையைக் குனிந்துகொண்டான். அவள் முந்தானையால் அதைத் துடைத்தாள். நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"இந்தா, வாங்கு. அப்பதான் தூக்கல. இப்பனா தூக்கு. கல்லற வரைக்கும் நீதான் எடுத்தாரணும்."

அவள் முகத்தில் கோபமே இல்லை. முப்பது வருஷத்துச் சண்டையை அந்தக் கையோடு முடித்துவிட வந்திருந்தாள். வாங்கிக்கொண்டால் போதும். நான் கையை நீட்டவும் செய்தேன். ஆனால் விரல் மடங்கவில்லை.

"தூக்கிட்டேன்" என்றேன். "அந்தக் கல்ல நான்தான் தூக்கினேன். ஒறுத்தல் கல்லுன்னு. வெள்ளக்கோடு போட்ட கல்லு. தெரியாம தூக்கிட்டேன். இந்த எடம் பொய்யி."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கே எடுத்தேன் என்று தெரியாததை, ஈஸ்டர் அன்று கை நீட்டியதை, கறிக்கடையைக்கூடச் சொல்லிவிட்டேன். மச்சான் மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"இன்னா மாமா சொல்ற நீ? மாமா!"

அவள் அவனைக் கையமர்த்தினாள். என்னைப் பார்க்கவில்லை, குழியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்ப புள்ள எங்க?"

"தெரியல. ரோட்டுக்கு அடியில இருக்கும், கடைங்களுக்கு அடியில இருக்கும். தெரியல. கல்லு இருக்கற எடம்தான் தெரியும்."

"எங்க கீது?"

கோயிலின் கீழ்மூலையைக் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தாள்.

"கனமா இருந்துச்சா?"

"ரொம்ப கனம்."

"முட்டி போட்டியா?"

"பதினாலு எடத்துலயும்."

தலையை மெதுவாக ஆட்டினாள். எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது, மன்னித்துவிடுவாள் என்று. அவள் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் பூசைக்கி உள்ள வராம அங்கியே சாஞ்சுக்கினு இருந்தியா இத்தினி வருசமா?"

"ஆமா."

"நீ மட்டும் அவனாண்ட உக்காந்துகினு இருந்துட்ட. என்ன வெறுந்தரையில உக்கார வெச்சிட்ட."



அவள் சுக்கான் கல்லைக் குழிக்குள் போட்டாள். துணியை மடித்துப் பெட்டியில் வைத்து, பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் மூலைக்கு நடந்தாள். தீர்த்தச் செம்போடு வந்த சாமியார் எதை மந்திரிப்பது என்று தெரியாமல் நின்றார். "இந்த மூலைய மந்திரிங்க சாமி" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் ஏன் என்று கேட்காமல் தண்ணீர் தெளித்தார். அவள் சுவரில் முதுகைச் சாய்த்து, நான் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். நான் வேப்பமரத்தடியிலேயே நின்றிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஜேசிபி டிரைவர், "பெரியவரே, நவுருங்க" என்று ஹாரன் அடித்தார்.

இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன. என்னிடம் அவள் பேசுகிறாள், சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள். பூசைக்குச் சேர்ந்துதான் போகிறோம். கோயில் வாசலில் அவள் மூலைக்குப் போய்விடுவாள், நான் உள்ளே போய் ஃபேனுக்கு அடியில் உட்காருவேன். போன மாதம் ஒரு ஞாயிறு மனசு கேட்காமல் நானும் மூலைக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள், திட்டவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது. மடியிலிருந்த பையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.